இல்லாத மனிதரிடம் எடுக்கும் பேட்டி

1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கென்னத் கோல்பி என்ற மனநல மருத்துவர் ஒரு நோயாளியை உருவாக்கினார். வயது 28. திருமணமாகாதவர். தபால் நிலையத்தில் வேலை. குதிரைப் பந்தயம் என்றால் உயிர். பந்தயத் தரகர் ஒருவரோடு தகராறு ஆனதிலிருந்து, மாஃபியா கும்பல் தன்னைப் பழிவாங்கத் தேடுகிறது என்று நம்புகிறவர். இந்த மனிதர் எந்த ஊரிலும் வாழவில்லை. 'பாரி' என்ற கணினி நிரலுக்குள் மட்டுமே இருந்தார். கோபம், அச்சம், அவநம்பிக்கை ஆகிய மூன்றுக்கும் நிரலில் தனித்தனி அளவுகள் உண்டு. பேட்டி எடுப்பவர் பந்தயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்த அளவுகள் ஏறும். மாஃபியா என்று சொன்னால் இன்னும் ஏறும். பதில்கள் முறைப்பாகும்.

கோல்பி மனநல மருத்துவர்களை அழைத்து, டெலிடைப் கருவி வழியாக இந்த நிரலையும் உண்மையான நோயாளிகளையும் பேட்டி காண வைத்தார். பிறகு அந்த உரையாடல்களின் எழுத்துப் படிகளை வேறு மருத்துவர்களுக்கு அனுப்பி, எது மனிதர், எது கணினி என்று கேட்டார். சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் தேறியிருக்கும்.

யாரையும் ஏமாற்றுவது கோல்பியின் நோக்கம் அல்ல. அவமானப்பட நேருமோ என்ற அச்சத்திலிருந்து தப்பிக்கத்தான் சந்தேக நோயாளியின் மனம் பிறர்மேல் குற்றம் சுமத்துகிறது என்பது அவருடைய கோட்பாடு. அந்தக் கோட்பாட்டை விதிகளாக எழுதி, அவ்விதிகளைப் பேசவைத்து, அந்தப் பேச்சை வல்லுநர்களைக் கொண்டு சோதித்தார். இல்லாத ஒருவரைப் பேட்டி எடுத்து இருப்பவர்களைப் புரிந்துகொள்ளும் முயற்சி இப்படித்தான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது.

எதிர்ப்பும் உடனே வந்தது. 1966இல் 'எலைசா' என்ற உரையாடல் நிரலை வெளியிட்ட எம்ஐடி பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், 1974இல் ஒரு கணினி இதழுக்குக் கடிதம் எழுதினார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலர் பேசினால் பதில் சொல்வதில்லை. எதுவும் இணைக்கப்படாத ஒரு மின்தட்டச்சுப் பொறியும் பதில் சொல்வதில்லை. அப்படியானால் அந்தத் தட்டச்சுப் பொறியை ஆட்டிசத்தின் மாதிரி என்று அறிவித்துவிடலாமா? இதுதான் அவர் கேட்டதன் சாரம். வெளியே தெரியும் பதில் ஒத்திருக்கிறது என்பதற்காக, அந்தப் பதில் பிறந்த வழியும் ஒத்திருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. இன்று சந்தை ஆய்வாளர், சமூகவியல் மாணவர், செயலி வடிவமைப்பாளர் என்று யார் வேண்டுமானாலும் ஒரு மொழி மாதிரியிடம், "நீ 45 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய், மளிகைக் கடை நடத்துகிறாய்" என்று சொல்லிவிட்டுப் பேட்டியைத் தொடங்கலாம். பதில் சரளமாக வரும். கோல்பியும் வைசன்பாமும் எழுப்பிய இரண்டு கேள்விகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. பதில் ஒத்திருக்கிறதா? ஒத்திருந்தால், எதனால் ஒத்திருக்கிறது?

480 வகை வாக்காளர்கள்

மொழி மாதிரிகளுக்கு வெகுகாலம் முன்பே, மக்களைக் கணினிக்குள் அடைத்துக் கேள்வி கேட்கும் ஆசை அரசியலில் முளைத்துவிட்டது. 1959இல் தொடங்கப்பட்ட சிமுல்மேட்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், 1950களின் கருத்துக்கணிப்புகளில் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேட்டிகளை எடுத்து, வாக்காளர்களை 480 வகைகளாகப் பிரித்தது. கிழக்கு மாநிலங்களின் பெருநகரில் வாழும், வருமானம் குறைந்த, வெள்ளையின, கத்தோலிக்க, ஜனநாயகக் கட்சிப் பெண்கள் என்பது அப்படி ஒரு வகை. ஒவ்வொரு வகையினரும் 52 பிரச்சினைகளில் என்ன நினைக்கிறார்கள் என்பது அட்டவணையாகக் கணினியில் ஏறியது. அந்நிறுவனத்தின் முன்னணி ஆய்வாளர் எம்ஐடியின் இத்தியேல் டி சோலா பூல்.

1960 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜான் கென்னடியின் தரப்புக்கு இந்நிறுவனம் அறிக்கைகள் கொடுத்தது. கென்னடி கத்தோலிக்கர். தன் சமயத்துக்கு எதிரான வெறுப்பை அவர் மூடி மறைக்காமல் நேராக எதிர்கொண்டால் நட்டத்தைவிட லாபமே அதிகம் என்று ஓர் அறிக்கை சொன்னது. கென்னடியின் வெற்றியில் அந்த அறிக்கைகளுக்கு எவ்வளவு பங்கு என்பது அன்றிலிருந்தே விவாதப் பொருள்.

சிமுல்மேட்டிக்ஸின் வாக்காளர்கள் பேச மாட்டார்கள். எண்களைத்தான் தருவார்கள். ஆனால் ஒரு விஷயம் அங்கே தெளிவாக இருந்தது. அந்த 480 வகைகளுக்குப் பின்னால் கதவைத் தட்டி எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உண்மைப் பேட்டிகள் இருந்தன. கணினி சொன்னதெல்லாம், யாரோ ஒரு மனிதர் ஏற்கெனவே சொன்னதன் மறுசேர்க்கை. இந்த அத்தியாயம் முழுவதும் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான்: எந்த டிஜிட்டல் மாந்தரிடம், அதாவது கணினிக்குள் உருவாக்கப்பட்ட ஒருவரிடம், பேசினாலும், அவருக்குப் பின்னால் யாருடைய பேச்சு இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது?

மொழி மாதிரி எப்படி ஒருவராகிறது

பெரிய மொழி மாதிரி ஒன்று கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழகியது. முன்னால் இருக்கும் எழுத்து மாறினால் கணிப்பும் மாறும். "நான் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்" என்று தொடங்கும் பத்திக்கு அடுத்து வரக்கூடிய வாக்கியங்கள் ஒரு விதம். "நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்" என்று தொடங்கும் பத்திக்கு வேறு விதம். நாம் கொடுக்கும் அறிமுகம், அந்தப் பரந்த எழுத்துக் கடலின் ஒரு பகுதியை நோக்கி மாதிரியைத் திருப்பிவிடுகிறது. உள்ளே ஒரு ஆசிரியரோ கிரேன் ஓட்டுநரோ உட்கார்ந்திருக்கவில்லை. அப்படிப்பட்டவர் சொல்லக்கூடியது என்று எழுத்துலகம் எதிர்பார்க்கும் சொற்கள் வருகின்றன.

இந்தத் திருப்பம் எவ்வளவு துல்லியமானது என்பதை பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் லீசா ஆர்கைலும் குழுவினரும் சோதித்தார்கள். 2023இல் வெளியான அந்த ஆய்வு, அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வில் 2012, 2016, 2020 ஆண்டுகளில் பதிலளித்த உண்மை மனிதர்களின் விவரங்களை எடுத்துக்கொண்டது. இனம், வயது, பாலினம், கட்சிச் சார்பு, வாழும் மாநிலம் போன்றவற்றை ஒருவர் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்வதைப் போலச் சிறு பத்தியாக எழுதி, ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியிடம் கொடுத்து, யாருக்கு வாக்களித்தார் என்ற வரியை நிரப்பச் சொன்னார்கள். குழுக்குழுவாகப் பார்த்தபோது மாதிரியின் பதில்கள் உண்மையான வாக்குகளை நெருக்கமாக ஒத்திருந்தன. இந்த முறைக்கு அவர்கள் 'சிலிக்கான் மாதிரியெடுப்பு' என்று பெயர் சூட்டினார்கள். அதே ஆண்டில் எம்ஐடி பொருளாதார அறிஞர் ஜான் ஹார்ட்டன், பொருளியல் பாடநூல்களின் கற்பனை மனிதரான 'ஹோமோ எகனாமிகஸ்' வரிசையில் மொழி மாதிரிக்குள் வாழும் 'ஹோமோ சிலிகஸ்' என்ற புதிய மனிதரை அறிமுகப்படுத்தினார்.

கட்சி வாக்கு என்பது ஓரளவு எளிதான இலக்கு. அமெரிக்காவில் ஒருவரின் கட்சிச் சார்பு தெரிந்தால் அவர் வாக்கைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். கடினமான சோதனை, ஒரு மாந்தர் தனக்கென்று நினைவுகளோடு நாள் முழுவதும் வாழ்ந்து, பிறகு அவற்றைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வது.

ஸ்மால்வில்: 25 பேர் வாழ்ந்த ஊர்

2023இல் ஸ்டான்ஃபோர்டின் ஜூன் சுங் பார்க்கும் உடன் ஆய்வாளர்களும் கணினி விளையாட்டு போன்ற ஒரு சிற்றூரை அமைத்து, அதற்கு ஸ்மால்வில் என்று பெயரிட்டார்கள். அங்கே 25 மாந்தர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி அளவு அறிமுகம். நடப்பவை எல்லாம் ஒவ்வொருவரின் நினைவுக் குறிப்பிலும் வரிவரியாகச் சேரும். தேவைப்படும்போது அண்மைத்தன்மை, முக்கியத்துவம், பொருத்தம் ஆகிய மூன்றையும் எடைபோட்டு நிரல் சில நினைவுகளை மட்டும் எடுத்துக் கொடுக்கும். அவ்வப்போது நினைவுகளிலிருந்து பொதுவான முடிவுகளையும் மாந்தர் தானே எழுதிக்கொள்வார்.

காப்பிக் கடை நடத்தும் இசபெல்லாவுக்கு மட்டும் காதலர் தின விருந்து வைக்கும் எண்ணம் ஊட்டப்பட்டது. செய்தி வாய்வழியாகப் பரவியது. இரண்டு நாளில், 25 பேரில் 13 பேருக்கு விருந்து பற்றித் தெரிந்திருந்தது. அழைக்கப்பட்ட 12 பேரில் 5 பேர் வந்தார்கள். வராதவர்களையும் ஆய்வாளர்கள் பேட்டி எடுத்தார்கள். மூன்று பேர் வேறு வேலை இருந்ததாகக் காரணம் சொன்னார்கள். நான்கு பேர் ஆர்வம் காட்டியிருந்தும் அந்நாளுக்கான திட்டத்தில் அதைச் சேர்க்கவில்லை.

இந்த ஆய்வின் மதிப்பீடே பேட்டிதான். தன்னைப் பற்றிய அறிவு, நினைவு, திட்டம், எதிர்வினை, சிந்தனை என்று ஐந்து வகைக் கேள்விகள் ஒவ்வொரு மாந்தரிடமும் கேட்கப்பட்டன. அந்தப் பேட்டிகளில் வெளிப்பட்ட பிழைகள்தாம் நமக்குப் பெரும் பாடம். யூரிகோ என்ற மாந்தரிடம், பக்கத்து வீட்டுக்காரர் ஆடம் ஸ்மித்தைப் பற்றிக் கேட்டார்கள். 'நாடுகளின் செல்வம்' நூலை எழுதிய பொருளாதார அறிஞர் என்றார் யூரிகோ. ஸ்மால்வில்லின் ஆடம் ஸ்மித் அப்படி எதையும் எழுதியவர் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்து அறிஞர், பெயர் ஒற்றுமையால் அந்த ஊருக்குள் புகுந்துவிட்டார். மாதிரி முன்பு படித்த உலகம், நாம் கட்டிய சிறிய உலகத்தின் சுவர்களைத் தாண்டிக் கசிகிறது.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. கணவனும் மனைவியும்கூட அலுவலகத்தில் சந்தித்தவர்களைப் போல மரியாதையாகப் பேசி விடைபெற்றார்கள். விருந்தை எப்படி நடத்தலாம் என்று பிறர் சொன்ன யோசனைகளை, தன் விருப்பத்துக்குப் பொருந்தாதபோதும் இசபெல்லா பெரும்பாலும் மறுக்கவில்லை. இணக்கமாகப் பேசும்படி பயிற்சி பெற்ற மாதிரி, தான் ஏற்கும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அந்த இணக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. மறுப்பும் சலிப்பும் எரிச்சலும்தான் பேட்டி எடுக்கிறவருக்குப் பல நேரங்களில் பொன்னான தகவல்கள். அவை வடிகட்டப்பட்டுவிடுகின்றன.

இரண்டு மணி நேரம் கேட்டதன் பலன்

2024 நவம்பரில் பார்க் குழு அடுத்த படியை எடுத்து வைத்தது. இந்த முறை கற்பனை மனிதர்கள் அல்ல. அமெரிக்கா முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த 1,052 உண்மை மனிதர்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் குரல்வழி செயற்கை நுண்ணறிவு நேர்காணலர் ஒன்று இரண்டு மணி நேரம் பேசியது. சமூகவியலாளர்கள் 'அமெரிக்கக் குரல்கள்' திட்டத்துக்காக வகுத்த கேள்வி வரிசையே அடிப்படை. வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்கள் என்று தொடங்கி, வேலை, குடும்பம், பணம், உடல்நலம், அரசியல், காவல்துறை அனுபவம் என்று பேட்டி விரியும். பதிலைக் கேட்டுத் துணைக் கேள்வியும் வரும். ஒரு பேட்டி சராசரியாக 6,491 சொற்கள்.

அந்த முழுப் பேட்டியையும் மொழி மாதிரியிடம் கொடுத்து, அந்த மனிதராகப் பதில் சொல்லச் சொன்னார்கள். கூடவே உளவியலாளர், நடத்தைப் பொருளியலாளர், அரசியல் அறிவியலாளர், மக்கள்தொகை ஆய்வாளர் என்று நான்கு வல்லுநர் பாத்திரங்களை மாதிரிக்குக் கொடுத்து, பேட்டியை வாசித்துக் குறிப்பெழுத வைத்தார்கள். பிறகு அமெரிக்காவின் பொதுச் சமூகக் கணக்கெடுப்பின் கேள்விகளை மனிதர்களிடமும் அவர்களுடைய டிஜிட்டல் மாந்தர்களிடமும் கேட்டார்கள்.

இந்த ஆய்வைப் பற்றி 85 சதவீதத் துல்லியம் என்று செய்திகளில் வந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். மனிதர்களிடம் இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டபோது, அவர்களே தங்கள் பழைய பதில்களில் சுமார் 81 சதவீதத்தைத்தான் மீண்டும் சொன்னார்கள். மனம் மாறும், மறதி வரும், எப்படியும் சொல்லலாம் என்ற கேள்விகளும் இருக்கும். டிஜிட்டல் மாந்தர் அந்த மனிதரின் பதிலோடு சுமார் 69 சதவீதம் ஒத்துப்போனார். 69ஐ 81ஆல் வகுத்தால் 0.85. ஒரு மனிதர் தன்னோடு தானே எவ்வளவு ஒத்துப்போகிறாரோ அதில் 85 சதவீத அளவுக்கு மாந்தர் ஒத்துப்போகிறார் என்பதுதான் பொருள். நூற்றுக்கு எண்பத்தைந்து கேள்விகளில் சரியான பதில் என்று இதைப் படித்தால் தவறு.

இந்த ஆய்வில் என்னை அதிகம் ஈர்ப்பது வேறொரு ஒப்பீடு. அதே மனிதர்களின் வயது, பாலினம், இனம், அரசியல் சார்பு ஆகியவற்றை மட்டும் கொடுத்தும் மாந்தர்களை உருவாக்கிப் பார்த்தார்கள். அவர்கள் பெற்ற மதிப்பெண் 0.71. ஒருவர் தன்னைப் பற்றி எழுதிய சிறு பத்தியைக் கொடுத்தபோது 0.70. இரண்டு மணி நேரப் பேச்சு முழுதாகக் கிடைத்த மாந்தர் 0.85. மேலும், பேட்டி வழி வந்த மாந்தர்களிடம், வெவ்வேறு இனத்தவருக்கும் அரசியல் சார்பினருக்கும் இடையே துல்லியத்தில் இருந்த ஏற்றத்தாழ்வும் குறைந்தது.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஒரு வரி அறிமுகம் மாதிரியை ஒரு வகையினரிடம் கொண்டுபோய் விடுகிறது. மகள் படிப்பை நிறுத்தியது ஏன், எந்த வேலையை எதற்காக விட்டார், அக்கம்பக்கத்தில் யாரை நம்புகிறார் என்பதெல்லாம் அவரை வகையிலிருந்து பிரித்து ஒரு தனி மனிதராக்குகின்றன. சிமுல்மேட்டிக்ஸின் 480 அறைகளில் இல்லாதது இதுதான்.

ஓர் எல்லையும் தெரிந்தது. கருத்துகளிலும் ஆளுமைக் குணங்களிலும் நெருங்கி வந்த மாந்தர்கள், பணத்தைப் பங்கிடுவது, பிறரை நம்பிப் பணம் கொடுப்பது போன்ற பொருளியல் விளையாட்டுகளில் 0.66 அளவையே எட்டினார்கள். ஒருவர் சொல்வதை ஊகிப்பதைவிட அவர் செய்வதை ஊகிப்பது கடினம்.

பதில்கள் எங்கே பொய்க்கின்றன

1906இல் இங்கிலாந்தின் பிளைமவுத் கால்நடைக் கண்காட்சியில் ஒரு காளையின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. ஃபிரான்சிஸ் கால்டன் 787 சீட்டுகளை ஆராய்ந்தார். அவற்றின் நடு மதிப்பு 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. ஒருவர் கூட்டிச் சொன்னதை இன்னொருவர் குறைத்துச் சொன்னது சரிக்கட்டியது. கூட்டத்தின் அறிவு என்பது பலவிதமான பிழைகளிலிருந்து பிறக்கிறது.

2023இல் கதி ஆஹெரும் உடன் ஆய்வாளர்களும் இந்த வகைச் சோதனையை மொழி மாதிரிகளிடம் நடத்தினார்கள். அலுமினியம் எந்த வெப்பநிலையில் உருகும் என்பது போன்ற கேள்விகளைப் பல கற்பனை மனிதர்களிடம் கேட்டார்கள். புதிய, பெரிய மாதிரிகள் உருவாக்கிய மாந்தர்களில் பெரும்பாலோர் மிகச் சரியான விடையைச் சொல்லிவிட்டார்கள். தெருவில் போகிற நூறு பேரைக் கேட்டால் நூறு விதமாக வரும் பதில், இங்கே ஒரே எண்ணில் குவிந்தது. ஆய்வாளர்கள் இதை 'மிகைத் துல்லியச் சிதைவு' என்றார்கள். மனிதர்களின் அறியாமையும் ஆய்வுக்கு வேண்டிய தரவுதான். எல்லாம் அறிந்த மாதிரியால் அதை எளிதில் நடிக்க முடிவதில்லை.

2024இல் ஜேம்ஸ் பிஸ்பீயும் குழுவினரும் அரசியல் விருப்புவெறுப்புகளில் இதே சுருக்கத்தைக் கண்டார்கள். சராசரிகள் உண்மையை ஒட்டி இருந்தன. ஆனால் பதில்கள் விலகிப் பரவவேண்டிய அளவுக்குப் பரவவில்லை. கேள்வியின் சொற்களைச் சற்று மாற்றினாலும், அதே கேள்வியைச் சில மாதங்கள் கழித்துக் கேட்டாலும் முடிவுகள் நகர்ந்தன. ஆய்வுக்கு இது சிறிய குறை அல்ல. புதுமை பெரும்பாலும் ஓரத்தில் நிற்கிறவரிடம்தான் இருக்கிறது. எல்லாரும் விரும்பும் செயலியை ஏன் ஒருவர் நீக்கினார், எல்லாரும் போட்ட தடுப்பூசியை ஏன் ஒருவர் மறுத்தார் என்று அறியத்தான் பேட்டியே எடுக்கிறோம்.

நல்ல பெயர் எடுக்கும் ஆசையும் மாந்தர்களிடம் உண்டு. பயனர் அனுபவ ஆய்வில் புகழ்பெற்ற நீல்சன் நார்மன் குழுமம் 2024இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. இணையவழிப் படிப்புகள் பற்றிக் கேட்டபோது, செயற்கைப் பயனர்கள் தாங்கள் சேர்ந்த படிப்புகளையெல்லாம் முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். உண்மை மனிதர்களோ, பாதியில் விட்ட படிப்புகளைப் பற்றிச் சொன்னார்கள். கல்வி நிறுவனம் ஒன்று முதல் பதிலை நம்பினால், தீர்க்க வேண்டிய பிரச்சினை இருப்பதே அதற்குத் தெரியாமல் போகும்.

யாருடைய குரல் குறைவாகப் பதிந்திருக்கிறது என்பது இன்னும் ஆழமான கேள்வி. ஷிபானி சந்தூர்க்கரும் குழுவினரும் 2023இல் அமெரிக்க மக்களின் 60 பிரிவுகளோடு மொழி மாதிரிகளின் கருத்துகளை ஒப்பிட்டபோது, 65 வயதைக் கடந்தவர்களும் துணையை இழந்தவர்களும் மோசமாகப் பிரதிபலிக்கப்பட்ட பிரிவுகளில் இருந்தார்கள். 2025இல் ஆஞ்சலினா வாங், ஜேமி மார்கன்ஸ்டர்ன், ஜான் டிக்கர்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, 3,200 பேரைக் கொண்டு 16 அடையாளங்களை நான்கு மாதிரிகளில் சோதித்தது. ஓர் அடையாளத்தைக் கொடுத்துப் பேசச் சொன்னால், அந்தக் குழுவினர் தங்களைப் பற்றிச் சொல்வதைவிட, வெளியாட்கள் அவர்களைப் பற்றிக் கற்பனை செய்வதையே மாதிரிகள் பல நேரங்களில் ஒத்திருந்தன. பார்வைக் குறைபாடுள்ளவராகப் பேசச் சொல்லி, குடியேற்றக் கொள்கை பற்றிக் கேட்டால், பதில் கண்பார்வையில் தொடங்கியது. வாழ்கிற மனிதர் எல்லா நேரமும் தன் அடையாளத்தை முன்னால் வைத்துப் பேசுவதில்லை. அவரைப் பற்றி எழுதுகிற பிறர்தான் அதிலேயே தொடங்குகிறார்கள்.

தமிழ் வாசகர் இங்கே நின்று யோசிக்க வேண்டும். வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளி ஒருவராகப் பேசும்படி மாதிரியைக் கேட்டால் அது பேசும். வெயில், கூலி, கால்புண் எல்லாம் வரும். ஆனால் அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்திருக்கும்? உப்பளத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எழுதிய செய்திகளிலிருந்தும் அறிக்கைகளிலிருந்தும்தான். உப்பள வேலைக்குப் போகிறவர் மாலையில் பேருந்து நிறுத்தத்தில் எதைப் பற்றிச் சிரித்துப் பேசினார், பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்க்க வீட்டில் விவாதித்தார் என்பதை யாரும் பதிவு செய்யவில்லை. ஓர் ஊருக்கு வந்துபோனவர்களின் பயணக் குறிப்புகளை மட்டும் படித்த ஒருவர், அந்த ஊர்க்காரராகவே பேசுவதைப் போன்றது இது. தகவல் பிழை இல்லாமலேகூட ஆள் மாறிவிடுவார்.

அப்படியானால் எதற்குப் பயன்படும்?

இத்தனை குறைகளைச் சொன்னதால் இந்தக் கருவியை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் கருதவில்லை. இடமறிந்து பயன்படுத்தினால் இது ஆய்வாளருக்கு மிக நல்ல துணை.

முதல் பயன் ஒத்திகை. மருத்துவக் கல்வியில் ஹோவர்ட் பாரோஸ் 1960களில் நடிகர்களை நோயாளிகளாகப் பழக்கி, மாணவர்கள் அவர்களிடம் பேசிப் பயிலும் முறையைக் கொண்டுவந்தார். நோயாளியைக் காயப்படுத்தாமல் தவறு செய்து கற்க அது வழி. துயரம், கடன், வன்முறை போன்றவற்றைப் பற்றி மக்களிடம் கேட்கப் போகும் இளம் ஆய்வாளருக்கு டிஜிட்டல் மாந்தர் அதே வாய்ப்பைத் தரலாம். கேள்வி குழப்பமாக இருக்கிறதா, ஒரே கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றனவா, பதிலை முன்கூட்டியே ஊட்டுகிறதா என்பதெல்லாம் களத்துக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.

இரண்டாவது பயன், எந்தச் சோதனை நடத்தத் தக்கது என்று தேர்வது. ஸ்டான்ஃபோர்டு, நியூயார்க் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், 2024இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அமெரிக்காவில் நடந்த 70 கருத்தாய்வுச் சோதனைகளை எடுத்து, அவற்றின் முடிவுகளை ஜிபிடி-4 மாதிரியைக் கொண்டு கணிக்க வைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற சோதனைகள் அவை. கணிப்புக்கும் உண்மை விளைவுக்கும் இடையே 0.85 அளவு ஒட்டுறவு இருந்தது. பயிற்சிக் காலத்தில் மாதிரி பார்த்திருக்க முடியாத, அதுவரை வெளியாகாத சோதனைகளிலும் கணிப்பு குறையவில்லை. விளைவின் அளவை மட்டும் அது மிகைப்படுத்தியது. எந்தச் செய்தி எடுபடும், எது எடுபடாது என்று வரிசைப்படுத்த இது உதவும். எவ்வளவு எடுபடும் என்பதற்கு மனிதர்களிடம்தான் போகவேண்டும்.

மூன்றாவது, கலப்பு முறை. 2023இல் அனஸ்டாசியோஸ் ஆஞ்சலோபொலஸ் குழு ஒரு புள்ளியியல் வழியைக் காட்டியது. இயந்திரத்தின் ஏராளமான கணிப்புகளோடு, உண்மையில் அளந்த சிறிய தரவையும் சேர்த்து, அந்தச் சிறிய தரவைக் கொண்டு இயந்திரத்தின் சாய்வை அளந்து திருத்துவது. மனிதப் பதில்கள் இதில் உரைகல்லாக இருக்கின்றன. உரைகல் இல்லாமல் தங்கத்தின் மாற்றுச் சொல்ல முடியாது.

மாந்தர்களைப் பேட்டி எடுக்கிறவருக்குச் சில நெறிகள் இதிலிருந்து கிடைக்கின்றன. ஒரே பதிலை நம்பாமல், அதே கேள்வியைப் பலமுறை கேட்டுப் பதில்களின் பரவலைப் பார்க்க வேண்டும். விடைத் தெரிவுகளின் வரிசையையும் கேள்வியின் சொற்களையும் மாற்றிப் பார்க்க வேண்டும். பல மாந்தர்களை ஒரு குழுவாக உட்காரவைத்து விவாதிக்க விட்டால், அத்தனை பேரும் ஒரே மாதிரியின் குரல்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பத்துப் பேர் ஒத்துக்கொண்டது பத்துச் சான்று ஆகாது. மாதிரியின் பெயரையும் பதிப்பையும் பேட்டி நடந்த நாளையும் அறிக்கையில் எழுத வேண்டும். எந்த வாசகம் மனிதர் சொன்னது, எது இயந்திரம் சொன்னது என்பதை ஒருபோதும் கலக்கக் கூடாது.

ஒப்புதல் என்ற கடமையும் இருக்கிறது. 1,052 பேரின் டிஜிட்டல் மாந்தர்களை உருவாக்கிய குழு, தனிமனிதப் பதில்களை எல்லாருக்கும் திறந்துவிடவில்லை. தொகுத்த விடைகளுக்கு ஒரு வழியும், தனி விடைகளுக்குக் கட்டுப்பாடான இன்னொரு வழியும் வைத்தது. பங்கேற்றவர் பின்னர் விலகிக்கொள்ளவும் இடம் கொடுத்தது. நம் பேச்சிலிருந்து உருவான மாந்தர், நாம் இல்லாத இடத்தில் நம் பெயரில் பதில் சொல்லும் காலத்தில், இது சட்டம் வரும்வரை காத்திருக்கும் விஷயம் அல்ல.

கோல்பியிலிருந்து பார்க் வரை வந்த பாதையை மொத்தமாகப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாக நிற்கிறது. விதிகளால் ஆன பாரி, ஒரு மருத்துவரின் கோட்பாட்டைப் பேசினார். ஒருவரி அறிமுகத்தில் பிறந்த மாந்தர், எழுத்துலகின் பொதுக் கருத்தைப் பேசுகிறார். இரண்டு மணி நேரம் ஒருவரைப் பேசவிட்டுக் கேட்டதில் பிறந்தவர்தான் அந்த ஒருவரை நெருங்குகிறார். ஆகவே டிஜிட்டல் மாந்தர்கள் வந்துவிட்டார்கள், இனி மக்களிடம் போகத் தேவையில்லை என்று சொல்கிறவர்கள், இந்த ஆய்வுகளைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். மாந்தர் சிறப்பாக வேண்டுமானால் முதலில் மக்களிடம் போகவேண்டும். இதுவரை யாரும் போகாத வீடுகளுக்கும், எந்தத் தரவிலும் பேச்சுப் பதியாதவர்களிடமும் போகவேண்டும். அவர்கள் மொழியில், அவர்கள் வேகத்தில் கேட்க வேண்டும். ஆய்வு நிதியை ஒதுக்குகிறவர்களும், பல்கலைக்கழகங்களில் களப்பணியைக் கற்பிக்கிறவர்களும், இயந்திரம் மிச்சப்படுத்திக் கொடுக்கும் நேரத்தையும் பணத்தையும் அந்தக் கேட்டலுக்கே செலவிட வேண்டும்.